அம்மன் வராத கொடை

என் கணவர் மாரிக்கண்ணனுக்கு உட்காரத் தெரியாது. மும்பை அணுசக்தி நகர் குவார்ட்டர்ஸில் நாற்காலிகளுக்குக் குறைவில்லை. ஆனாலும் டீயை நின்றபடிதான் குடிப்பார், குடித்து முடிப்பதற்குள் செருப்பைத் தேடுவார். ஆராய்ச்சி மையத்தில், ஊழியர்கள் உடம்பில் கதிர்வீச்சு எவ்வளவு பட்டிருக்கிறது என்று அளக்கும் பிரிவில் விஞ்ஞானி. ஆபீஸ் பஸ்ஸை விட்டு இறங்கினால் வீட்டில் கால் தரிக்காது. அடுத்த பஸ் பிடித்துத் தாராவிக்குப் போய்விடுவார். அங்கே பேராச்சியம்மன் கோயில் மண்டபத்தில் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இயற்பியல் பாடம். பாதி தமிழ், பாதி இந்தி. திட்டுவது மட்டும் சுத்தமான திருநெல்வேலித் தமிழில்.

அவர் பிறந்ததே அந்தக் கோயில் சந்தில்தான். ஒவ்வொரு மாசியிலும் கொடைத் திருவிழாவில் அம்மன் இறங்கி ஆடுவது இவர் குடும்பத்து ஆள் மேல். மாமனாருக்குப் பிறகு இவர். நான் செம்பூரில் வளர்ந்தவள், கல்யாணமான புதிதில் மிரண்டுபோனேன். காலையில் மீட்டரும் கையுமாக இருந்தவர் சாயங்காலம் வேப்பிலையும் கையுமாக நிற்கிறாரே!

"ரெண்டும் எப்படிங்க ஒத்துப்போகுது?" என்று கேட்டேன்.

"மீட்டர் காட்டாததை எழுத மாட்டேன். அம்மன் சொல்லாததைச் சொல்ல மாட்டேன். இதுல ஒத்துப்போக என்ன இருக்கு?" என்றார். எனக்கு எரிச்சல்தான் வந்தது.

போன வருடம் வந்தது வினை. கொடையும் இயற்பியல் பரீட்சைக்கு முந்தின நாளும் ஒன்றாக விழுந்தன. கோயிலில் கட்டிய குழாய் ஸ்பீக்கருக்கு நேர் கீழே இசக்கியின் வீடு. வகுப்பிலேயே கெட்டிக்காரி, இன்ஜினியரிங் சீட் மேல் கண். எங்கள் வீட்டுக்கு வந்து படி என்று கூப்பிட்டேன். கொடை நாளில் பெண்ணை வெளியே அனுப்ப அவள் அம்மா சம்மதிக்கவில்லை. போலீஸுக்குச் சொல்ல இவருக்கு மனசில்லை, சொந்தச் சந்து. கமிட்டித் தலைவரோ இவருடைய தம்பி கோமதிநாயகம், தோல் பைகள் தைக்கும் பட்டறை வைத்திருப்பவர்.

"கோமதி, இன்னைக்கு ஒரு நாள் ஸ்பீக்கரை பந்த் பண்ணு. மேளம் போதும்."

"என்னண்ணே பேசுதிய? ரேடியோ செட் இல்லாம ஒரு கொடையா?" என்றவர், குரலைத் தணித்தார். "சாயங்காலம் உங்க மேல அம்மன் வருவால்லா? அவ வாயால சொல்லட்டும். உடனே நிறுத்திருதோம்."

பிள்ளைகள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். "ப்ளீஸ் சார், சொல்லிருங்க சார்" என்று இசக்கி அழுதாள். எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. ஒரே ஒரு வாக்கியம், யாருக்கு என்ன நஷ்டம்?

மேளம் முழங்கியது. எல்லா வருடமும் முதல் அடியிலேயே அவருக்கு உடம்பு உதறும். அன்று கல் மாதிரி நின்றார். மேளக்காரர்களுக்கு வேர்த்து ஊற்றியது. வேப்பிலையைக் கொஞ்சம் ஆட்டு, ஒரு கூச்சல் போடு என்று நான் மனசுக்குள் கத்திக்கொண்டிருந்தேன். அவர் கண்ணைத் திறந்தார்.

"அம்மன் வரல. நான்தான் கேக்கேன், மாரிக்கண்ணன். புள்ளையளுக்கு நாளைக்குப் பரீட்சை. ஸ்பீக்கரை நிறுத்துங்க."

கூட்டத்தில் சலசலப்பு. ஏதோ தீட்டு என்றாள் ஒருத்தி. "அம்மன் சொன்னா நிறுத்தலாம். நீங்க சொல்லி எப்படிண்ணே?" என்றார் கோமதிநாயகம். குழாய் தொடர்ந்து அலறியது. இசக்கிக்கு மார்க் சரிந்தது, கேட்ட சீட் கிடைக்கவில்லை. சாமியாடும் பொறுப்பைக் கமிட்டி கூடித் தம்பிக்கு மாற்றிவிட்டது. இவர் பாடம் எடுப்பதை நிறுத்தவில்லை. ஞாயிற்றுக்கிழமையும் போகத் தொடங்கினார்.

இந்த மாசியிலும் பரீட்சை நேரத்தில்தான் கொடை. இந்த முறை எழுதுகிறவர்களில் ஷாலினியும் ஒருத்தி. கோமதிநாயகத்தின் மகள். மேளத்தின் முதல் அடியிலேயே கோமதிநாயகத்துக்கு உடம்பு உதறியது. "எம் புள்ளையள் படிக்கணும்டா! சத்தத்தை நிறுத்துங்கடா!" என்று அலறினார். யாரோ ஓடிப்போய் ஒயரைப் பிடுங்கினார்கள். சொந்த மகள் பரீட்சை என்றதும் அம்மனுக்குக் காது கேட்டுவிட்டதாக்கும் என்று எனக்குச் சிரிப்பு வந்தது, கோபமும் வந்தது. திரும்பினால், என் பக்கத்தில் இவர் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து கிடக்கிறார்.

மறுநாள் தம்பியிடமே கேட்டார். "நெசமாச் சொல்லு. அது அம்மனா, நீயா?"

"எனக்கு என்னண்ணே தெரியும்? மேளம் கேட்டது ஞாபகம் இருக்கு, பொறவு ஒண்ணும் இல்ல. உங்களுக்கு மட்டும் என்னைக்காவது ஞாபகம் இருந்திருக்கா?"

இருந்ததில்லை. அது எனக்கே தெரியும்.

அன்றிலிருந்து மனிதர் பஸ்ஸில் இடம் கிடைத்தாலும் உட்காருவதில்லை. நேற்று ஜன்னலருகே டீயோடு நின்றபடி சொன்னார்: "கோமதிதான் பேசுனான்னா, போன வருஷம் நானும் பேசியிருக்கலாம். அந்தப் புள்ளைக்கு சீட் கெடச்சிருக்கும்."

"அம்மன்தான்னு வச்சுக்கோங்களேன். நிம்மதியா இருக்கலாம்."

"அம்மன்னா, இசக்கிக்காக ஏன் வரல, விஜயா?"

அவர் டீயைப் பாதியில் வைத்துவிட்டுச் செருப்பைத் தேடினார். தாராவி பஸ்ஸுக்கு நேரமாகியிருந்தது.