டிக்கெட் இல்லாத பன்னிரண்டு பேர்

முட்டைத் தட்டை வெளியே எடுத்து, ஒவ்வொன்றையும் விரலால் தொட்டு எண்ணிய பிறகுதான் குளிர்பதனப் பெட்டியின் கதவை மூடுவார். "நேத்து ஒன்பது. இன்னிக்கு எட்டு. நடுவுல ஒருத்தர் எந்த ஸ்டாப்புல இறங்கினார்?" என்று அடுப்படியைப் பார்த்துக் கேட்பார். "உங்க வயித்துல," என்று உள்ளேயிருந்து மனைவியின் பதில் வரும். கணக்கு நேரானதில் திருப்தியாகத் தலையாட்டிவிட்டு, சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்து, கிழமையும் மணியும் போட்டு எழுதி, கீழே கையெழுத்தும் போட்டுக்கொள்வார்.

தெருவில் அவருக்குச் செக்கர் என்றுதான் பெயர். முப்பத்தொரு வருடம் நகரப் பேருந்துகளில் திடீர் திடீரென்று ஏறி, டிக்கெட் கேட்டே ஜீவனம் பண்ணியவர். ஓய்வு பெற்று நான்கு வருடம் ஆகிறது. அது அவருக்குத் தெரியும். கண்ணுக்குத்தான் இன்னும் தகவல் போய்ச் சேரவில்லை. டாக்டரைப் பார்க்கப் போனால் வரவேற்பறையில் இருக்கும் அத்தனை பேரிடமும் டோக்கன் நம்பர் கேட்டு முடித்துவிட்டுத்தான் தன் இருமலைப் பற்றி யோசிப்பார். வீட்டுக்கு வரும் காகிதம் எதுவானாலும் படித்ததற்கு அடையாளமாக மூலையில் ஒரு ஓட்டை போடுவார். அதற்கான பஞ்ச் கருவி, வேலையில் இருந்தபோது வைத்திருந்தது, கூடத்துச் சுவரில் ஓர் ஆணியில் தொங்குகிறது. மகளின் பட்டச் சான்றிதழில்கூட ஓர் ஓட்டை இருக்கிறது. அதைப் பற்றி அந்த வீட்டில் யாரும் பேசுவதில்லை.

தொழிலைப் பற்றிக் கேட்டால் போதும், நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொள்வார். "மூஞ்சியப் பார்த்தாலே தெரிஞ்சுடும். நம்மள பார்த்ததும் ஜன்னல் பக்கம் திரும்பினான்னா பாதி குத்தவாளி. பையைத் தடவ ஆரம்பிச்சான்னா முழுக் குத்தவாளி. சட்டைப் பை, பேன்ட் பை, மறுபடியும் சட்டைப் பை. தடவிக்கிட்டே இருப்பான். பை தடவுறவன் கையில டிக்கெட் வந்து நான் பார்த்ததே இல்ல." அவரிடம் ஒரு நியாயமும் உண்டு. "ஆனா ஒண்ணு. ஒருத்தன் மூட்டையத் தொறந்து பார்க்க நமக்கு அதிகாரம் கிடையாது. டிக்கெட்டத்தான் கேக்கலாம். உள்ள என்ன இருக்குன்னு கேக்கக் கூடாது." இந்த நியாயத்தை அவர் ஒருநாளும் மீறியதில்லை. மீறியிருந்தால் இந்தக் கதைக்கே அவசியம் வந்திருக்காது.

கூடத்து மூலையில் இருக்கும் கணினி மகளுடையது. அவள் காது கேளாத குழந்தைகளுக்கான பள்ளியில் ஆசிரியை. உதட்டைப் பார்த்தே பேச்சைப் புரிந்துகொள்ளப் பழகும் அந்தப் பிள்ளைகளுக்காக ஒரு படப் புத்தகம் செய்துகொண்டிருந்தாள். ஒவ்வொரு ஒலிக்கும் வாய் எப்படிக் குவிகிறது, நாக்கு எங்கே நிற்கிறது என்று பல பேரை நிற்க வைத்து எடுத்த நானூற்றுப் பன்னிரண்டு படங்கள், இரண்டு வருட உழைப்பு. அதில் 'ஊ' என்ற ஒலிக்குச் செக்கரின் வாய்தான். சிரிக்காமல் நிற்க வேண்டும் என்று மகள் சொன்னபோது, அந்தத் தெருவிலேயே அதற்குத் தகுதியான ஆள் தான்தான் என்று பெருமையாக நின்று கொடுத்தார். திங்கட்கிழமை அச்சகத்தில் கொடுத்தாக வேண்டும். தவறினால் அடுத்த வருடம்தான், அதற்குள் இந்த வகுப்புப் பிள்ளைகள் பள்ளியை விட்டே போய்விடுவார்கள். கடைசி அறுபது படங்களைச் செவ்வாயும் புதனும் அந்தப் பிள்ளைகளையே வைத்து எடுத்து முடித்திருந்தாள்.

வியாழக்கிழமை காலை மகள் பள்ளிக்குப் போயிருந்தாள், மனைவி கடைக்குப் போயிருந்தாள். செய்தி படிக்கலாம் என்று உட்கார்ந்தவருக்குக் கணினி மெதுவாக வருவதாகப் பட்டது. மூன்று விசைகளைச் சேர்த்து அழுத்தினால், கணினி இயங்குவதற்காக உள்ளே ஓடிக்கொண்டிருக்கும் நிரல்கள் எல்லாம் பட்டியலாக வரும் என்று மகள் என்றைக்கோ காட்டிக் கொடுத்திருந்தாள். வினை அங்கேதான் ஆரம்பித்தது. பட்டியலைப் பார்த்ததும் செக்கருக்கு நான்கு வருடமாக அடங்கிக் கிடந்த ரத்தம் சூடேறிவிட்டது. வண்டி நிறைய ஆட்கள்.

சர்வீஸ் ஹோஸ்ட் என்று ஒருவன் இருந்தான். எண்ணிப் பார்த்தால் அதே பெயரில் பன்னிரண்டு பேர். "ஒரே பாஸ ஜெராக்ஸ் எடுத்துப் பன்னெண்டு பேர் ஏறியிருக்கானுங்க," என்று வாய்விட்டே சொன்னார். அடுத்தவன் பெயர் ரன்டைம் புரோக்கர். புரோக்கர் என்று பெயரையும் வைத்துக்கொண்டு பகிரங்கமாக உட்கார்ந்திருக்கிற தைரியம் அவரைத் திகைக்க வைத்தது. கடைசியில் சிஸ்டம் ஐடில் என்று ஒருவன். சும்மா இருப்பதுதான் அவன் வேலையாம், இடத்தில் தொண்ணூற்றேழு சதவீதம் அவனுக்காம். செக்கர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு, ஒவ்வொருவராக இறக்க ஆரம்பித்தார். இறக்கியவர்களில் சிலர் அடுத்த நிமிடமே திரும்பவும் பட்டியலில் வந்து உட்கார்ந்தார்கள். பின்பக்கப் படியில் ஏறுகிற இந்த ஜாதி அவருக்குப் பழக்கம்தான். மறுபடியும் இறக்கினார். நோட்டில் எழுதினார்.

அந்த நேரத்தில்தான் திரையில் ஒரு சிவப்புக் கட்டம் எழுந்தது. நடுவில் கேடயம், அதன் மேல் ஒரு தொப்பி, கீழே வட்ட முத்திரை. 'அனுமதியற்ற நிரல்கள் 37 கண்டுபிடிக்கப்பட்டுள்ளன. பரிசோதனை அதிகாரியை உள்ளே அனுமதிக்கவும்.' செக்கருக்கு மனசு குளிர்ந்துபோயிற்று. முப்பத்தொரு வருடத்தில் அவர் யார் யாரிடமோ டிக்கெட் கேட்டிருக்கிறார், சக பரிசோதகரிடம் அடையாள அட்டை கேட்டதில்லை. தொப்பியைப் பார்த்தால் நகர்ந்து இடம் விடுவதுதான் அவர்களுக்குள் மரியாதை. 'அனுமதி' என்ற பொத்தானை அழுத்தினார். நாற்காலியில்கூடச் சற்று நகர்ந்து உட்கார்ந்தார்.

வந்த அதிகாரி சுறுசுறுப்பானவர். இரண்டே நிமிடத்தில் ஒரு கோப்புறையைத் திறந்து, சந்தேகத்துக்குரியவை நானூற்றுப் பன்னிரண்டு என்று காட்டினார். ஒன்றுக்கும் பெயர் கிடையாது, வெறும் எண்கள். பெயர் சொல்லாத ஆட்கள் நானூற்றுப் பன்னிரண்டு பேர் ஒரே வண்டியில். எதையாவது ஒன்றைத் திறந்து பார்த்திருந்தால், குவிந்த உதட்டோடு அவர் முகமே அவரைப் பார்த்து 'ஊ' என்றிருக்கும். ஆனால் மூட்டையைத் திறக்க அதிகாரம் இல்லையே. எல்லாரையும் மொத்தமாக இறக்கிவிட்டார். கால் மணி நேரத்தில் திரை நீலமாகி, ஒரு அழுமூஞ்சிப் பொம்மையைக் காட்டி, நின்றுபோயிற்று.

சாயங்காலம் மகள் வந்து பார்த்தபோது செக்கர் செய்தித்தாளில் முகத்தை வைத்திருந்தார். "யாருப்பா இதத் தொட்டது?" என்று கேட்டாள். "காலையிலேர்ந்தே இப்படித்தான் இருக்கு," என்றார். பொய் சொல்லிப் பழக்கமில்லாததால் குரல் கொஞ்சம் உயர்ந்தே வந்தது. வெள்ளிக்கிழமை பொழுது விடிவதற்குள் அவர் விசாரணையையும் முடித்துவிட்டார். செவ்வாய்க்கிழமை மனைவி கணினியில் ஏதோ பழைய பாட்டுகளை இறக்கிக் கேட்டாள் அல்லவா, அதோடு ஏறி வந்ததுதான் இது. "பாட்டு ஓசியில கிடைக்குதுன்னா கூட எதுவோ வருதுன்னு அர்த்தம். கேஸ் முடிஞ்சுது," என்றார். மனைவி அவரை ஒரு தரம் பார்த்துவிட்டு, வெங்காயம் நறுக்கப் போய்விட்டாள். அவள் எதிர்த்துப் பேசாதது அவருக்கு நிம்மதியாகவும் இருந்தது, நெஞ்சில் முள்ளாகவும் தைத்தது. அன்று முட்டையை எண்ண மறந்துவிட்டார்.

சனிக்கிழமை காலை, தெருமுனையில் கணினி ரிப்பேர் கடை வைத்திருக்கும் அம்மாள் வந்தாள். ஐம்பது வயதிருக்கும். கயிற்றில் கட்டிய கண்ணாடி, கொண்டையில் செருகிய திருப்புளி. பெட்டியைக் கழற்றி, உள்ளே இருந்த சேமிப்பு வட்டைத் தன் மடிக்கணினியில் இணைத்து, ஒரு மணி நேரம் பார்த்தாள்.

"போலி ஒருத்தன் உள்ள பூந்திருக்கான்," என்றாள் கடைசியில். "செக்யூரிட்டின்னு சொல்லிக்கிட்டு வர்ற திருட்டுப் பய. படமெல்லாம் போச்சு. தேதி நேரத்தையும் கலைச்சுப் போட்டுட்டுப் போயிருக்கான். எப்ப வந்தான்னு இதுல தெரியல."

மகள் மேசைக்கு அடியில் இருந்த கறுப்புப் பெட்டியைக் காட்டினாள். தினமும் சாயங்காலம் கணினியை அப்படியே நகல் எடுத்து வைத்துக்கொள்ளும்படி அவள்தான் ஏற்பாடு செய்திருந்தாள்.

"பார்த்தேம்மா, நல்ல காரியம். திங்கள், செவ்வாய், புதன், மூணு நகல் இருக்கு. ஏத்திக் குடுத்திடலாம். ஆனா ஒண்ணு ஏத்தறதுக்கே ஒரு நாள் ஆகும். அவன் வந்ததுக்கு அப்புறம் எடுத்த நகல ஏத்தினேன்னா அவனும் சேர்ந்து எழுந்திருச்சு மிச்சத்தையும் தின்னுடுவான். இவனுங்க ஏறி ரெண்டு மூணு நாள் தூங்கிட்டுக்கூட வேலையக் காட்டுவானுங்க, நின்னு போன நாள வச்சுச் சொல்ல முடியாது. அவன் ஏறினதுக்கு முந்தின நகல்தான் வேணும். உங்களுக்குத் திங்கக்கிழமை வேணும்னா ஒரே ஒரு தடவைதான் முயற்சி பண்ண முடியும்." கண்ணாடியை மூக்கிலிருந்து இறக்கி எல்லாரையும் பார்த்தாள். "என்னிக்கு, எத்தன மணிக்கு, யாரு அனுமதி குடுத்தீங்க? எந்த வீட்ல கேட்டாலும் ஒரே பதில்தான் சொல்றாங்க. நாங்க ஒண்ணும் பண்ணல, அதுவா நின்னு போச்சு."

"நாங்க ஒண்ணும் பண்ணல," என்றார் செக்கர்.

மகள் நகத்தைக் கடித்தாள். "அம்மா செவ்வாய்க்கிழமை காலையில பாட்டு எறக்கினாங்க. அதுதான்னு அப்பா சொல்றார்."

"அப்ப திங்கக்கிழமை நகலத்தான் ஏத்தணும். செவ்வாயும் புதனும் பண்ணின வேலை கிடைக்காது."

"அறுபது படம்," என்றாள் மகள். "பிள்ளைங்க படம். அவங்க எல்லாரும் நேத்தே லீவுக்கு ஊருக்குப் போயாச்சு." அழவில்லை. அச்சகத்துக்கு என்ன சொல்வது என்று யோசிப்பது முகத்தில் தெரிந்தது. மனைவி மகளின் தோளில் கை வைத்து, "என்னாலதான் போல இருக்கு. தெரியாம பண்ணிட்டேன்மா, மன்னிச்சிரு," என்றாள். உண்மையிலேயே அப்படித்தான் நம்பினாள். முப்பத்தொரு வருடம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்த மனிதர் ஒரு கேஸை முடித்துவிட்டார் என்றால் அது முடிந்ததுதான் என்று அவளுக்கு எண்ணம்.

செக்கர் ஜன்னல் பக்கம் திரும்பினார். வெளியே பார்க்க ஒன்றும் இல்லை. எதிர்வீட்டுச் சுவர் இருந்தது. கொஞ்ச நேரம் அந்தச் சுவரையே பார்த்தார்.

"அப்ப திங்கள ஏத்திடட்டுமா?" என்று கேட்ட ரிப்பேர் அம்மாள், கொண்டையிலிருந்து திருப்புளியை உருவினாள்.

செக்கரின் கை சட்டைப் பைக்குப் போயிற்று. அங்கே தடவிவிட்டுப் பேன்ட் பைக்கு இறங்கிற்று. பிறகு பின்பக்கம். மறுபடியும் சட்டைப் பை. மூன்று பெண்களும் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மகளுக்குச் சிறு வயதிலிருந்து கேட்டுக் கேட்டு மனப்பாடமான விஷயம் அது. அவள் பார்வையைத் தாழ்த்திக்கொண்டாள். அவளுக்கே வெட்கமாக இருந்தது.

அவர் எழுந்து நின்றார். சட்டைப் பையிலிருந்து நோட்டை எடுத்து, ஒரு பக்கத்தைப் பிரித்து, இரண்டு விரல்களுக்கு நடுவே பிடித்து நீட்டினார். ரிப்பேர் அம்மாளின் இரண்டு கையிலும் சாமான் இருந்ததால் மனைவிதான் வாங்கினாள். தூரத்தில் பிடித்துப் படித்தாள்.

'வியாழன். 11.20. பரிசோதனை அதிகாரி ஏறினார், அனுமதித்தேன். 11.35. பெயரில்லாதவர்கள் 412 பேர், இறக்கப்பட்டனர். 11.50. வண்டி நின்றுவிட்டது.' கீழே, எல்லாப் பக்கத்திலும் இருப்பது போலவே, அவருடைய முழுக் கையெழுத்து.

"வியாழன்னா புதன் நகல் சுத்தம். எல்லாப் படமும் அதுல இருக்கும்," என்றாள் ரிப்பேர் அம்மாள். மகள் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தாள்.

மனைவி நோட்டோடு சுவர் பக்கம் போனாள், ஆணியில் தொங்கிய பஞ்சை எடுத்தாள், வியாழக்கிழமைப் பக்கத்தின் மூலையில் வைத்து ஒரு ஓட்டை போட்டாள். நோட்டை அவரிடம் திருப்பிக் கொடுத்தாள். அதை இரண்டு கையாலும் வாங்கிப் பையில் வைத்துக்கொண்ட செக்கர், உட்காரலாமா கூடாதா என்று தெரியாமல் நின்றுகொண்டே இருந்தார்.