டெலஸ்கோப் ராஜகுமாரி எழுதிய நுழைவுத்தேர்வு

கொடைக்கானலிலிருந்து சட்டம் படிக்கப் போனவர்களில் பாதிப் பேர் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்துதான் நுழைவுத்தேர்வுக்குத் தயாரானார்கள். பாதிப் பேர் என்பது சற்று மிகை. கால்வாசி என்று வைத்துக்கொள்ளலாம். அதுவும் நிற்காது என்றால், ஒருத்தி. ஆனால் அந்த ஒருத்தி மேசையில் பிடித்துக்கொண்ட இடம் பாதிப் பேருக்கு உரியது.

அவள் பெயர் ராஜகுமாரி. வயது இருபத்து மூன்று. பள்ளத்தாக்கை ஒட்டிய நடைபாதையில் முக்காலி மேல் ஒரு டெலஸ்கோப்பை நிறுத்திக்கொண்டு, தலைக்கு இருபது ரூபாய்க்கு வைகை அணையையும் பெரியகுளத்தையும் காட்டுவது அவள் தொழில். அதற்கு முன் அவளுடைய அப்பா பழனிமுத்து காட்டிக்கொண்டிருந்தார். இரண்டு கண்ணிலும் புரை விழுந்த பிறகும் ஒரு வருடம் காட்டினார், யாரும் கண்டுபிடிக்கவில்லை. அறுவை சிகிச்சை செய்து பார்வை திரும்பிய பிறகுதான், இனி இந்தக் குளிரில் நிற்க முடியாது என்று டெலஸ்கோப்பை மகளிடம் கொடுத்தார். கூடவே தொழிலின் ஒரே விதியையும் கொடுத்தார்.

“கேட்டவங்ககிட்டத் தெரியாதுன்னு மட்டும் சொல்லிராத தாயி. தெரியாதவளுக்கு எதுக்கு இருபது ரூபான்னு நடையக் கட்டிருவாங்க.”

ராஜகுமாரி அந்த விதியைக் காப்பாற்றினாள். பள்ளத்தாக்கு எத்தனை அடி ஆழம்? நாலாயிரத்து எண்ணூற்று இருபத்திரண்டு. எதிர்ச் சரிவில் ஒற்றையாய் நிற்கிற மரம்? வெள்ளைக்காரத் துரை ஒருவர் மனைவிக்காக நட்டது. மனைவி ஓடிப்போன வருடம் ஒரு பக்கம் பட்டுப்போயிற்று.

நான் அவளை முதலில் பார்த்தது கடும் மூடுபனி நாளில். சிவகாசியிலிருந்து வந்திருந்த என் நாத்தனாரை நடைபாதைக்குக் கூட்டிப்போயிருந்தேன். கைப்பிடிக் கம்பிக்கு அப்பால் ஒன்றுமே தெரியவில்லை. நாத்தனார் டெலஸ்கோப்பில் கண்ணை வைத்தாள்.

“அந்தா, அதுதான் அணைங்க. மதகு ரெண்டு தொறந்து கெடக்கு பாருங்க. கரை மேல ஒரு லாரி போவுது.”

“செவப்பு லாரிதானே?” என்று கேட்டாள் நாத்தனார்.

“செவப்புத்தாங்க. லோடு இல்லாம போவுது.”

முப்பத்து நான்கு வருடம் ஆங்கில ஆசிரியையாக இருந்து, பிள்ளைகள் சொல்லும் காரணங்களுக்கெல்லாம் மனதுக்குள் மதிப்பெண் போட்டுப் பழகியவள் நான். அன்று நூற்றுக்கு நூறு போட்டேன். கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது. அதன் பிறகு அந்தப் பக்கம் போனால் அவளோடு பேசாமல் திரும்புவதில்லை.

ஆனால் தொழில் படுத்துக்கொண்டிருந்தது. இப்போது அவரவர் போனிலேயே நிலாவின் பள்ளம் வரை தெரிகிறது. டெலஸ்கோப் பக்கம் வருகிறவர்கள் அதனோடு படம் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். அந்தச் சமயத்தில் சட்டம் படிக்கிற பெண் ஒருத்தி சுற்றுலா வந்தவள், துரையின் மனைவி கதையைக் கேட்டுவிட்டு, “அக்கா, நீங்கல்லாம் லா படிக்கணும்” என்று சிரித்துவிட்டுப் போனாள். அவள் மறுநாளே மறந்திருப்பாள். ராஜகுமாரி மறக்கவில்லை. பிளஸ் டூ போதும், வயது வரம்பு இல்லை, டிசம்பரில் தேர்வு, தேறினால் திருச்சி சட்டப் பல்கலைக்கழகத்தில் இடம் என்று அத்தனையும் விசாரித்து வைத்தாள்.

அம்மா சின்னத்தாயிடம் சொன்னாள். சின்னத்தாய் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து ஆறு வயதில் கப்பலில் வந்தவள். பூண்டிக் கிராமத்திலிருந்து வரும் மலைப்பூண்டுக்கு வேரும் தாளும் அறுத்துச் சுத்தம் செய்கிற கொட்டகையில் தினக்கூலி. தேத்தண்ணியைக் குடித்து முடித்து டம்ளரைக் கழுவி வைத்தாள். பிறகு சொன்னாள்: “ஒரே தரம் எழுது. அதுவரைக்கும் வீட்ட நான் பாத்துக்கிறேன். அதுக்கு மேல என் நகம் தாங்காது. கெடைக்கலன்னா என் பக்கத்துல வந்து குந்திரு. கொட்டகையில எடம் சொல்லி வச்சிட்டேன்.”

ஆக, ராஜகுமாரிக்கு முன்னால் இரண்டு இடங்கள் இருந்தன: திருச்சியில் ஒன்று, பூண்டுக் கொட்டகையில் ஒன்று. கொட்டகையில் இடம் உறுதியாகிவிட்டது.

வீட்டில் படிக்க முடியாது. பழனிமுத்து ஓய்வுபெற்ற பிறகு டெலஸ்கோப்புக்குப் பதிலாக டிவி பார்த்தார். காதுக்கும் புரை விழுந்ததுபோல் சத்தமாகப் பார்த்தார். அதனால் தினமும் இரண்டு மணிக்குப் பனி ஏறி வியாபாரம் முடிந்ததும் எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவாள். நான் ஒன்றும் சொல்லிக்கொடுக்கவில்லை. பாடத்தை அவள் போனுக்குள்ளிருந்து ஹைதராபாத் பையன் ஒருவன் கத்திக்கொண்டிருந்தான். கடிகாரம் பார்ப்பதும் மாதிரித் தேர்வைத் திருத்துவதும்தான் என் வேலை.

தேர்வு எளிமையானது. இரண்டு மணி நேரம், நூற்றிருபது கேள்வி, ஒவ்வொன்றுக்கும் நான்கு விடை. சரியானதற்கு ஒரு மதிப்பெண். தவறானதற்குக் கால் மதிப்பெண் வெட்டு. எழுதாமல் விட்டால் வெட்டு இல்லை.

முதல் மாதிரித் தேர்வில் ராஜகுமாரி நூற்றிருபதையும் நிரப்பியிருந்தாள். சரி ஐம்பத்தெட்டு, தவறு அறுபத்திரண்டு.

“தெரியாததை விட்டுவிடலாமே” என்றேன்.

“கேட்டிருக்காங்களே டீச்சர். கேட்டவங்களுக்குப் பதில் சொல்லாம எப்படி?”

“தப்பாகச் சொன்னால் கால் மார்க் போகிறது.”

“போவட்டும். மூஞ்சியப் பாத்துட்டு சும்மா நின்னா நல்லாவா இருக்கும்?”

கண்ணை மூடிக்கொண்டு குத்தினால்கூட நான்கில் ஒன்று சரியாக வரும். இவள் கண்ணைத் திறந்துகொண்டு, நான்கில் எது நல்ல கதையோ அதைத் தேர்ந்தெடுப்பாள். அதில் ஒன்றுகூட வராது.

சட்டப் பகுதியில் நிலைமை இன்னும் மோசம். ஒரு பத்தியில் விதியைச் சொல்லிவிடுவார்கள். அடுத்து ஒரு சம்பவம். விதியைச் சம்பவத்தின் மேல் வைத்துப் பார்த்து விடை சொல்ல வேண்டும். நம் சரக்கைச் சேர்க்கக் கூடாது. ஒரு நாள் வந்தது முகேஷ் கதை. முகேஷின் தொப்பி காற்றில் பறந்து பக்கத்து வீட்டுத் தோட்டத்தில் விழுகிறது. அனுமதி கேட்காமல் உள்ளே போய் எடுக்கிறான். அத்துமீறலா, இல்லையா?

“தொப்பி பறக்கல டீச்சர். அவனாத்தான் எறிஞ்சிருக்கான்.”

“எதற்கு?”

“உள்ள அந்தப் புள்ள நிக்கிதுல்ல.”

“எந்தப் புள்ளை?”

“பக்கத்து வீட்டுக்காரரு மக.”

பத்தியில் மகள் இல்லை. திருத்துகிறவள் அதைச் சொல்லியிருக்க வேண்டும். நான் கேட்டது, “அவளுக்கும் இவனைப் பிடித்திருக்கிறதா?” என்று. இருபது நிமிடத்தில் அந்தப் பெண்ணுக்குத் திண்டுக்கல்லில் மாப்பிள்ளை பார்த்து வைத்திருக்கும் விவரம் வரைக்கும் போய்விட்டோம். ஊர் கூடி முகேஷை மன்னித்துவிட்டது. விடைக்குறிப்பில் அத்துமீறல் என்று இருந்தது.

செப்டம்பர் வரை மதிப்பெண் ஏறவில்லை. ஹைதராபாத் பையன் கடைசியாக ஒரு வழி சொன்னான்: அன்றாட வாழ்க்கையிலும் தெரியாததைத் தெரியாது என்று சொல்லிப் பழகுங்கள். ராஜகுமாரி அதை டெலஸ்கோப்பில் பழகுவது என்று முடிவு செய்தாள். வேடிக்கை பார்க்க நானும் போனேன்.

கோயம்புத்தூர்க் குடும்பம் ஒன்று வந்தது. அப்பா எட்டிப் பார்த்துவிட்டு, “எவ்வளவு ஆழம் இருக்கும்ங்க?” என்றார்.

ராஜகுமாரி முக்காலியைப் பிடித்துக்கொண்டாள். “தெரியாதுங்க.”

“தெரியாதா? தெனமும் இங்கதானே நிக்கறீங்க?”

“நிக்கிறேங்க. தெரியாதுங்க.”

குடும்பம் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டது. பக்கத்தில் மக்காச்சோளம் சுடுகிற ஆனந்த், ஒரு தொழிலாளி நிராதரவாக நிற்பதைப் பொறுக்காமல் குரல் கொடுத்தான்: “ஆறாயிரம் அடி சார்!”

“ஏலே ஆனந்து, வாய்க்கு வந்ததச் சொல்லாத!” என்று திரும்பினாள் ராஜகுமாரி. “நாலாயிரத்து எண்ணூத்தி இருபத்திரெண்டுங்க. அவன் சோளக்காரன், அவனுக்கு என்ன தெரியும்?”

ஒரு வாரம் பழகினாள். மொத்தம் மூன்று முறை சொன்னாள். மூன்று முறையும் கேட்டவர்கள் பின்னாலேயே ஓடிப்போய்ப் பதிலைக் கொடுத்துவிட்டு வந்தாள்.

டிசம்பர் முதல் ஞாயிறு, மதுரையில் தேர்வு. விடிகாலை முதல் பஸ்ஸில் ராஜகுமாரி, சின்னத்தாய், நான் மூவரும் போனோம். மணி இரண்டுக்கு அவள் உள்ளே போனாள். நானும் சின்னத்தாயும் வாசலுக்கு எதிரே வேப்பமரத்தடியில் உட்கார்ந்தோம்.

“எல்லாத்துக்கும் பதில் சொல்லிருவாளா டீச்சரம்மா?”

“அதுதான் பயம்” என்றேன்.

“பதில் சொன்னா நல்லதுதானே?”

அவளுக்குக் கால் மதிப்பெண் வெட்டை விளக்கினேன். சின்னத்தாய் யோசித்தாள். “தெரியாம பேசுனா கூலிய வெட்டுறாங்கன்னு சொல்லுங்க. எங்க கொட்டகையிலயும் அப்படித்தான்” என்றாள். அதன் பிறகு நாலு மணி வரை தன் நகங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ராஜகுமாரி வெளியே வந்தபோது முகம் சிவந்திருந்தது. ஒன்றும் கேட்காதீர்கள் என்றாள். அவள் கேட்காதீர்கள் என்று சொல்லி அன்றுதான் கேட்டேன். பஸ்ஸில் அவள் தூங்கிப்போனதும், பையிலிருந்து விடைத்தாளின் கார்பன் நகலை எடுத்துப் பார்த்தேன். கடைசிப் பகுதியில் வட்டங்கள் வெறுமையாகக் கிடந்தன. எண்ணினேன். இருபத்து மூன்று. வத்தலக்குண்டு வரும் வரை திரும்பத் திரும்ப எண்ணினேன், குறையவில்லை.

பிறகு விடைக்குறிப்பு வந்தது. சரி எழுபத்தொன்று, தவறு இருபத்தாறு, விட்டது இருபத்து மூன்று. அந்த இருபத்து மூன்றையும் தன் வழக்கப்படி நிரப்பியிருந்தால் ஐந்தே முக்கால் மதிப்பெண் போயிருக்கும். போயிருந்தால் இடமும் போயிருக்கும். ஏனென்றால் கடைசிப் பட்டியலில், கடைசிக்குச் சற்று மேலேதான் அவள் பெயர் வந்தது. சின்னத்தாய் கொட்டகைக்குப் போய், சொல்லி வைத்த இடத்தை வேறு யாருக்காவது கொடுத்துக்கொள்ளச் சொன்னாள். பழனிமுத்து டிவியை நிறுத்தினார். அன்று ஒரு நாள்தான்.

மதுரையில் அந்த அறைக்குள் என்ன நடந்திருக்கும் என்று எனக்கு நன்றாகவே தெரியும். இருபத்து மூன்று கேள்விகள் அவளை நிமிர்ந்து பார்த்திருக்கின்றன. நான்கில் நல்ல கதை எது என்றும் அவளுக்குத் தெரிந்திருக்கிறது. ஆனாலும் பேனாவை மூடி வைத்துவிட்டு, தன் ஆயுளில் முதல் முறையாக, ஒருவர் பின்னாலும் ஓடாமல், மனதார இருபத்து மூன்று தடவை ‘தெரியாது’ என்று சொல்லியிருக்கிறாள். சட்டம் படிக்க அந்தத் தகுதி ஒன்றே போதும்.

இவ்வளவையும் எழுதி, நாளை திருச்சிக்குப் புறப்படப் போகிறவளிடம் இப்போதுதான் வாசித்துக் காட்டினேன். ராஜகுமாரி பெட்டிக்குள் ஸ்வெட்டரை மடித்து வைத்துக்கொண்டே கேட்டாள். முடிந்ததும் பெட்டியை மூடினாள்.

“நல்லாத்தான் இருக்கு டீச்சர். ஆனா நான் ஒண்ணையும் தெரியாதுன்னு விடல. ஒரு கணக்குலயே ரொம்ப நேரம் உக்காந்துட்டேன், அதுக்குள்ள மணியடிச்சிட்டாங்க. தாள் வாங்க வந்த மேடம் அந்தப் பக்கம் இழுத்தாங்க, நான் இந்தப் பக்கம் இழுத்தேன். அவங்க கை பெரிய கை. இன்னும் ரெண்டே நிமிசம் குடுத்திருந்தா, இருபத்தி மூணையும் ரொப்பிட்டுத்தான் எந்திரிச்சிருப்பேன்.”