ஊசி அக்காவின் சைக்கிள் சட்டை

தெருவில் பாதிப் பேருக்கு அவளுடைய பெயரே தெரியாது. ஊசி அக்கா என்றால்தான் தெரியும். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்க வேண்டியவர்களின் வீட்டுக்கே காலையில் போய் எடுத்துவருவாள். கண்ணுக்கே தெரியாத நரம்பைக்கூட விரலால் தடவிக் கண்டுபிடித்து ஒரே குத்தில் முடித்துவிடுவாள்.

சைக்கிள் கற்றது முப்பத்தெட்டு வயதில். இரண்டு முழங்காலும் தேய, அக்கம்பக்கம் சிரிக்க, பல்லைக் கடித்துக்கொண்டு கற்றாள். அதற்கு முன்பு பஸ்ஸுக்கு நின்றே கால் மரத்துப்போகும். சைக்கிள் வந்தபின் ஆறரைக்கு முதல் வீடு, ஒன்பதுக்குள் ஏழு வீடு. யார் தயவும் வேண்டியிருக்கவில்லை.

வியர்வைதான் அவள் மானத்தை வாங்கியது. ஒவ்வொரு வீட்டு வாசலிலும் குளித்துவிட்டுத் துவட்டாமல் வந்தவள் மாதிரி நிற்பாள். ஒருநாள் ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியை ஒருவரின் வீட்டில், ரத்தம் பிடித்த சின்னக் குழாயில் ஒட்டிய சீட்டில் பெயர் எழுதிக்கொண்டிருந்தபோது நெற்றியிலிருந்து ஒரு சொட்டு நேராக அதன்மேல் விழுந்தது. மை பரவி, பெயர் கரைந்துபோனது.

"ஏம்மா, என் ரத்தத்துல உன் வேர்வை கலந்துடாதா?" என்றார் தலைமை ஆசிரியை.

"குழாய் மூடி இருக்கும்மா, ஒண்ணும் ஆகாது" என்று வேறு சீட்டு எழுதி ஒட்டினாள். ஆனால் அந்த வீட்டு மகள் தன் நாற்காலியைச் சத்தமில்லாமல் பின்னுக்கு இழுத்துக்கொண்டது அவள் கண்ணில் பட்டுவிட்டது. மத்தியானத்துக்குள் புகாரும் வந்துவிட்டது.

மேலாளர் நல்ல மனிதர். அதனாலேயே அவர் சொன்னது அதிகமாக வலித்தது. "இனிமே நீங்க இங்க கவுன்டர்லயே உட்காருங்களேன். ஏசி இருக்கு. எதுக்கு இந்த அலைச்சல்?"

நாள் முழுக்க ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருப்பதை நினைத்ததுமே அவளுக்கு மூச்சு முட்டியது. "ஒரு மாசம் டைம் குடுங்க சார். அதுக்கப்புறமும் புகார் வந்தா நீங்க சொல்றபடி கேக்கறேன்."

வீட்டில் முன்னறை முழுக்க நாத்தனாரின் தையல் ராஜ்ஜியம். ஊசி அக்கா கழற்றிப் போட்ட சட்டையை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தாள் நாத்தனார். "அண்ணி, இது சட்டையா, தரை துடைக்கிற துணியா?"

"கிண்டல் பண்ணாத. பருத்திதான் நல்லதுன்னு நீதானே தச்சுக் குடுத்த?"

நாத்தனாருக்கு ரோஷம் வந்துவிட்டது. மறுநாள் காலை சட்டையைச் சமையலறைத் தராசில் நிறுத்து அனுப்பினாள். திரும்பியதும் மறுபடி நிறுத்தாள். நூற்றெண்பது கிராமாகப் போன சட்டை முந்நூற்றுப் பத்தாக வந்திருந்தது. "பருத்தி வேர்வையைக் குடிக்குது சரி, ஆனா விடமாட்டேங்குது. ஒடம்புல ஒட்டிக்கிட்டா காத்து எப்படிப் போகும்?"

அடுத்து விளையாட்டுக்காரர்கள் போடும் மெல்லிய பனியன் துணி. சட்டென்று காய்ந்தது. ஆனால் இரண்டாம் நாளே அதைத் துவைக்காமல் போட்டதில், லிஃப்டில் ஏறியபோது அவளுக்கே தன் வாடை பொறுக்கவில்லை. தினம் ஒன்று என்று மூன்று தைத்தாள் நாத்தனார், கொஞ்சம் தொளதொளவென்று. அக்குளிலும் முதுகிலும் வலைத்துணி வைத்து.

அப்படியும் முதுகு மட்டும் நனைந்தது. நாத்தனார் வாசலுக்கே வந்து அண்ணி கிளம்புவதைப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். "வலை வச்ச எடத்துலயே பையை மாட்டிக்கிட்டுப் போனா நான் என்னத்தத் தைக்க?" முதுகுப் பை அன்றே சைக்கிளின் பின்னிருக்கைக்கு இறங்கியது.

இரண்டாம் வாரம் இன்னொரு சோதனை. வாசலில் இறங்கிய கையோடு, பனியன்மேல் வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டு மணி அடிப்பாள். கதவு திறப்பதற்குள் கோட்டும் ஈரமாகிவிடும். ஓட்டும்போது வராத வியர்வை நின்றதும் கொட்டியது. அன்று உண்மையிலேயே அவள் மனம் விட்டுப்போனது. கவுன்டர் நாற்காலிதான் நம் தலையில் எழுதியிருக்கிறது போல என்று படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டாள்.

வழி கிடைத்தது ஒரு தூங்குமூஞ்சியால். மூன்றாம் மாடிக்காரர் கதவைத் திறக்கப் பத்து நிமிடம் ஆக்கினார். கோட்டைக் கையில் வைத்துக்கொண்டு மாடி ஜன்னலோரம் காற்றில் நின்றவள், கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள். காய்ந்திருந்தது. நெற்றியும் அப்படியே. உடம்பு தணிவதற்குள் கோட்டைப் போட்டதுதான் தப்பு!

அதன் பிறகு கால்மணி முன்னதாகக் கிளம்பினாள். கடைசித் தெருவில் பொறுமையாக மிதிப்பாள். இறங்கி நிழலில் நின்று, ஈரத்துணியால் முகம், கழுத்து, மணிக்கட்டு துடைப்பாள். வியர்வை அடங்கிய பிறகுதான் கோட்டு, அப்புறம் கையுறை.

மாதம் முடிந்தது. புகார் ஒன்றுகூட இல்லை. தலைமை ஆசிரியை மட்டும் கூடத்துக்குப் போன் செய்திருந்தார், வேறு விஷயமாக. இடையில் அவர் வீட்டுக்குப் போன புதுப் பையன் மூன்று இடத்தில் குத்தியிருந்தானாம். "அந்தப் பொண்ணையே அனுப்புங்க" என்று கண்டிப்பாகச் சொன்னாராம். போனாள். கையை நீட்டியபடி அவர், "அன்னிக்கு நான் கொஞ்சம் பட்டுனு சொல்லிட்டேன்" என்றார். "பரவாயில்லம்மா, நீங்க சொன்னதாலதான் எனக்கும் உறைச்சுது" என்றாள் அவள், மனதில் எதுவும் வைத்துக்கொள்ளாமல்.

கூடத்தில் இன்னும் இரண்டு பெண்கள் சைக்கிளில் வரத் தொடங்கினார்கள். அவர்களுக்கும் அளவெடுத்தாள் நாத்தனார். பேச்சுக்குப் பேச்சு "ஆராய்ச்சி பண்ணித் தச்சது" என்று பெருமை வேறு.

பாலத்துக்கு அந்தப் பக்கம் எட்டு கிலோமீட்டர் தள்ளிப் புதுக் குடியிருப்பு ஒன்று வந்தபோது, "அவ்ளோ தூரம் யார் போறது?" என்று மேலாளர் தயங்கினார்.

"நான் போறேன் சார்" என்றாள் ஊசி அக்கா.