நானூறா, ஆயிரத்து அறுநூறா

என் மனைவி தெமெனுகா ரூசே நகரில் டிராலி பஸ் ஓட்டுகிறாள். விடுமுறை நாளில் தோளில் ஒரு பழைய ஜெனித் கேமரா தொங்கும், கையில் போன் இருக்கும். பிலிமில் படம் எடுப்பவளுக்குப் போன் எதற்கு என்று நீங்கள் கேட்காதீர்கள். நான் கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டேன். கேமராவின் ஒளிமானி செத்து வெகுகாலம் ஆகிறது. அதனால் வெளிச்சத்தை அளக்க ஒரு செயலி, பிலிம் கழுவும்போது நேரம் சொல்ல ஒரு செயலி, கழுவிய நெகட்டிவைப் படமாகத் திருப்பிப் பார்க்க இன்னொன்று.

இவற்றை அவள் தேர்ந்தெடுத்த விதத்தில் ஒரு பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்த்திருக்கலாம். கடைசி நிறுத்தத்தில் பஸ் நிற்கும்போதெல்லாம் டிப்போ சுவரைப் பார்த்துப் போனை நீட்டுவாள். விளம்பரம் காட்டிய செயலி போயிற்று. குரல் கொடுத்தது போயிற்று. பத்து வேலை தெரியும் என்று வந்ததும் போயிற்று. கடைசியில் ஒரே ஒரு ஒளிமானிச் செயலி மிஞ்சியது. முன்பு வைத்த பிலிம் வேகத்தை, அதாவது பிலிம் எவ்வளவு சீக்கிரம் வெளிச்சத்தை வாங்கும் என்கிற எண்ணை, மறக்காமல் வைத்திருக்கும் என்பதுதான் அதில் அவளுக்குப் பிடித்த குணம். அந்தக் குணம்தான் எங்களைப் படுத்தியது.

அவள் தங்கை ரதோஸ்தினாவின் மகன் போயான் நடக்கத் தொடங்கினான். எங்கள் பக்கத்தில் அதற்கு ஒரு சடங்கு உண்டு. வெள்ளைத் துணி விரித்து, வட்ட ரொட்டியை உருட்டிவிட்டு, துணியின் மறுமுனையில் கத்தரிக்கோல், கரண்டி, பேனா, சுத்தியல் என்று பரப்புவோம். பிள்ளை நடந்துபோய் எதை எடுக்கிறானோ அதுதான் அவன் தொழில். ஒரு முறைதான் செய்வோம். பிள்ளையின் அப்பா ப்ளாமென் டான்யூப் நதியில் சரக்குப் படகில் மெக்கானிக், வர முடியவில்லை. மகன் நடந்து வருகிற ஒரு படம் வேண்டும், அறையில் ஒட்டிக்கொள்கிறேன் என்று மட்டும் கேட்டிருந்தார்.

பிள்ளை போனைக் கண்டால் வேறெதையும் பார்க்க மாட்டான் என்று ரதோஸ்தினா எல்லாருடைய போனையும் வாங்கி அலமாரியில் பூட்டினாள். வெளிச்சம் அளக்க வேண்டுமென்று தெமெனுகாவின் போனுக்கு மட்டும் விலக்கு. அவள் துணியின் மறுமுனையில் மண்டியிட்டு, போனைத் தன் முன்னால் ஓரமாக வைத்துவிட்டு, கேமராவைக் கண்ணில் ஒட்டிக்கொண்டாள். போயான் கரண்டியைத் தாண்டினான், சுத்தியலைத் தாண்டினான், நேரே வந்து போன்மேல் விழுந்து அதைப் பிடித்துக்கொண்டான். எல்லாரும் சிரித்தார்கள். ரதோஸ்தினா மட்டும் சிரிக்கவில்லை.

பிள்ளையிடமிருந்து போனைப் பிடுங்கிய தெமெனுகாவின் முகம் வெளிறிப்போனது. ஒளிமானிச் செயலியில் பிலிம் வேகம் ஆயிரத்து அறுநூறு என்று இருந்தது. கேமராவில் இருந்ததோ நானூறு பிலிம். முந்தின வாரம் டிப்போ விருந்தில், மங்கிய வெளிச்சத்தில், அதிவேக பிலிமுக்காக வைத்த எண் அது. மாற்றாமலே எடுத்திருந்தால் பிலிமுக்கு வேண்டிய வெளிச்சத்தில் கால் பங்குதான் கிடைத்திருக்கும். கூடுதல் நேரம் கழுவினால் அதைக் காப்பாற்றிவிடலாம். ஆனால் அவள் நானூறுக்கு மாற்றி, பிள்ளையின் விரல் பட்டுத்தான் எண் நகர்ந்திருந்தால், கூடுதலாகக் கழுவுவதே படத்தைக் கெடுத்துவிடும்.

"மாத்தினியா இல்லையா?" என்று கேட்டேன்.

"நெனப்பில்ல, ஓக்ன்யான். சத்தியமா நெனப்பில்ல."

அக்கா தங்கை இருவருக்கும் சித்தப்பா மகனான செவ்தலின் ஒரு வழி சொன்னான். பிள்ளையை இன்னொரு தரம் நடக்கவிட்டுப் போனில் எடுத்துவிடலாமாம். அவனிடம் உள்ள செயலி மஞ்சள் பூசி, கீறல் போட்டு, அசல் பிலிம் மாதிரியே ஆக்கிவிடுமாம். "ப்ளாமென் மாமாவுக்கு என்னக்கா தெரியப்போவுது?" என்றான்.

"கீறல் விழக் கூடாதுன்னு நான் மூச்சப் புடிச்சிக்கிட்டு பிலிம் கழுவுறேன். நீ கீறல் போடவே ஒரு செயலி வெச்சிருக்க. போடா."

அவளுடைய போனிலும் அந்த மாதிரி இரண்டு உண்டு. பூனையை எடுக்க வைத்துக்கொள்வாள். இது பூனை இல்லை.

வீட்டுக்கு வந்தும் அவள் சாப்பிடவில்லை. நான் கேமராவை எடுத்து உள்ளே வைக்கப் போனேன். அதன் ஷட்டர் வேகச் சக்கரத்தைத் திருகிக் கடகடவென்று சத்தம் கேட்பது என் கெட்ட பழக்கம்.

"அதத் தொடாத!" என்று கத்தினாள். பிறகு கேமராவையே பார்த்துக்கொண்டு நின்றாள். போனில் பிள்ளை எதை வேண்டுமானாலும் அழுத்தியிருக்கலாம். கேமரா அவன் கைக்குப் போகவே இல்லை. கடைசிப் படத்துக்கு அவள் வைத்த வேகம் அந்தச் சக்கரத்தில் அப்படியே இருந்தது. இருநூற்றைம்பது, அதாவது ஒரு நொடியில் இருநூற்றைம்பதில் ஒரு பங்கு.

மறுநாளும் வானம் தெளிவாக இருந்தது. அதே நேரத்துக்குத் தங்கை வீட்டுக்குப் போய், அதே இடத்தில் மண்டியிட்டு, செயலியில் நானூறு வைத்து, போயானின் முகத்தில் விழும் வெளிச்சத்தை அளந்தாள். போன் அறுபது என்றது. அவள் வைத்திருந்த இருநூற்றைம்பது அதைப்போல் நாலு மடங்கு வேகம், அப்படியானால் ஆயிரத்து அறுநூறை மாற்றாமலேதான் அளந்திருக்கிறாள். அப்பாடா என்று இருவரும் தரையில் உட்கார்ந்துவிட்டோம். தப்பு அவளுடையதுதான், பிள்ளை ஒன்றும் செய்யவில்லை. தப்பு செய்ததற்காக இவ்வளவு சந்தோஷப்பட்ட மனுஷியை நான் பார்த்ததில்லை.

அன்று மாலை பிலிம் கழுவ எங்கள் குளியலறை வழக்கம்போல் பறிபோனது. நேரம் சொல்லும் செயலியில் கூடுதல் நேரத்தை வைத்தாள், மூன்று தரம் சரிபார்த்தாள். அது மணி அடிக்க அடிக்க, பிலிமும் மருந்தும் இருந்த டப்பாவைக் கவிழ்த்து நிமிர்த்தினாள். மூடியைத் திறந்து ஈரப் பிலிமை விளக்குக்கு நேரே தூக்கியபோது நான் பார்க்கப் பயந்து துண்டை மடித்துக்கொண்டிருந்தேன்.

"இருக்கான்," என்றாள். "ஓக்ன்யான், புள்ள இருக்கான்." அவள் அழுதாள். மடித்த துண்டை அவளிடம் நீட்டினேன்.

காய்ந்த பிறகு தங்கையை வரவழைத்து, நெகட்டிவைப் போனில் திருப்பிக் காட்டினாள். கொஞ்சம் மணல் மணலாக இருந்தது, நிழல்கள் கறுத்திருந்தன, ஆனால் நல்ல படம். ரதோஸ்தினா வெகுநேரம் பார்த்தாள். படத்தின் ஓரத்தில் போன் கிடந்தது. போயான் அதைப் பார்க்கவே இல்லை. தலையைத் தூக்கி, இரண்டு கைகளையும் நீட்டி, கேமராவுக்குப் பின்னால் இருந்தவளைப் பார்த்துச் சிரித்தபடி வந்துகொண்டிருந்தான். வந்து சேர்கிற இடத்தில் தடுக்கித்தான் போன்மேல் விழுந்திருக்கிறான்.

படத்தை ப்ளாமெனுக்கு அனுப்பிய உடனே அவர் கூப்பிட்டார். படகு எஞ்சின் இரைச்சலுக்கு நடுவே, எதை எடுத்தான், எதை எடுத்தான் என்று கேட்டார். ரதோஸ்தினா அதுவரை அவரிடம் சொல்லாமலே மழுப்பிக்கொண்டிருந்தாள்.

"எதையும் எடுக்கலங்க," என்றாள். "பெரியம்மாகிட்டப் போனான்."

தெமெனுகா சட்டென்று எழுந்து, டப்பாவைக் கழுவ வேண்டும் என்று சொல்லிவிட்டுக் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். டப்பாவை நான் முன்பே கழுவி வைத்திருந்தேன்.