மாடியில் அடித்த போன்

கள்ளக்குறிச்சியில் எங்கள் வீட்டு மாடியை, சிறுதானிய ஆராய்ச்சிக்கு வந்த பிரெஞ்சுப் பெண்ணுக்கு மூன்று மாதம் வாடகைக்கு விட்டிருந்தோம். ஒருநாள் காலை வெள்ளிமலை பஸ்ஸைப் பிடிக்க ஓடியவள், போனை அறையிலேயே மறந்துவிட்டாள். மதியத்திலிருந்து அது விடாமல் அடித்தது. மாற்றுச் சாவி என்னிடம் இருந்தது.

"வுடு, அடுத்தவங்க போனு நமக்கு இன்னாத்துக்கு?" என்றார் கணவர்.

சாயங்காலம் மனசு கேட்காமல் போய் எடுத்தேன். பேசியவர் வெள்ளிமலையில் ஜீப் ஓட்டும் டிரைவர்.

"எவ்ளோ நேரமா கூப்ட்டுக்கினே இருக்கோம்! இந்தப் பொண்ணு பாறையில வழுக்கி வுழுந்து, ஆஸ்பத்திரியில நெனவில்லாம கெடக்குதுங்க. பையில இந்த நம்பர் மட்டுந்தான் எழுதியிருக்கு."

அது அவளுடைய நம்பரேதான்.

நல்லவேளை, பிழைத்து ஊர் போய்ச் சேர்ந்தாள். இப்போது யார் குடிவந்தாலும் முதலில் எங்கள் நம்பரை அவர்கள் பையில் எழுதி வைக்கிறேன். மாடி காலியாக இருக்கும் மதியங்களிலும் அந்த போன் அடிப்பது கேட்கிறது. ஒவ்வொரு தடவையும் சாவியோடு ஏறிப் போகிறேன்.