பச்சை முகம்

சலவைக்கடையில் கறை எடுப்பது அவள் வேலை. தெருவே கறையக்கா என்றுதான் கூப்பிடும். மையோ துருவோ, துணியைப் பார்த்த மாத்திரத்தில் கை சரியான புட்டிக்குப் போய்விடும். துணி கொடுக்க வருபவர்களின் முகம் அவளுக்கு நினைவிருக்காது. அவர்களுக்கும் அவள் முகம் அப்படித்தான்.

கணவர் நிமோனியாவில் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது கடை மாடியில் குடியிருந்த ஓவியர் வந்து, "கொஞ்சம் உட்காருங்கக்கா, உங்களை வரையணும்" என்றார். சும்மா உட்காரக் கிடைத்ததே என்று சில சாயங்காலங்கள் உட்கார்ந்தாள். என்ன வரைந்தார் என்று எட்டிப் பார்க்கவில்லை.

கணவர் பிழைத்து, கடைக்குப் பின்னாலிருந்த வீட்டுக்குத் திரும்பினார். அந்த வாரமே ஓவியரின் கண்காட்சி. முந்தின நாள் மழையில் மாடி ஒழுகியதால், ஓவியர் படத்தைக் கடையின் உலர்த்தும் அறையில் சாத்திவிட்டுச் சட்டம் வாங்கப் போனார்.

படத்தைப் பார்த்தவளுக்குப் பகீரென்றது. முகம் முழுக்கப் பச்சை, கண்ணுக்குக் கீழே நீலம். மேலே கொடியில், யாரோ சலவைக்குக் கொடுத்த பச்சைத் திரைச்சீலை சொட்டிக்கொண்டிருந்தது. சாயம் இறங்கிவிட்டது என்று டர்பன்டைனில் துணியை நனைத்து நெற்றியில் தொடங்கினாள். பச்சை வழுக்கிக்கொண்டு வந்தது.

"என்னக்கா பண்றீங்க?" ஓவியர் வாசலில் நின்றார்.

"சாயம் ஒழுகிடுச்சு தம்பி. பயப்படாதீங்க, எடுத்துடலாம்."

"அது நான் பூசினதுக்கா."

கை நின்றது. "மனுஷ முகத்துக்கா?"

"அன்னிக்கு நீங்க அப்படித்தான் இருந்தீங்க."

அவள் படத்தைப் பார்த்தாள். அந்த நாட்களில் பார்த்தவர்கள் எல்லாம் கணவருக்கு எப்படி இருக்கிறது என்றுதான் கேட்டார்கள். அவளும் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. வயிற்றுக்குள் கிடந்தது இந்த நிறம்தான்.

"நாளைக்குக் கொண்டுபோக வேற படம் இருக்கா?"

"இது ஒண்ணுதான். உட்காருங்க, மறுபடி பூசிப் பார்க்கிறேன்."

கணவர் சுவரைப் பிடித்தபடி வந்து படத்தை உற்றுப் பார்த்தார். "ஏம்மா, ஆஸ்பத்திரியில படுத்தது நானா நீயா?"

அவளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. ஓவியர் பச்சையைக் குழைத்தார், துடைத்தார், மறுபடி குழைத்தார். "இன்னிக்கு உங்ககிட்ட அது இல்லக்கா" என்று கடைசியில் இளஞ்சிவப்பைத் தொட்டுப் படத்தின் நெற்றியில் வைத்தார். முகத்தின் மீதிப் பச்சையை அப்படியே விட்டுவிட்டார்.

மறுநாள் படத்தை வண்டியில் ஏற்றும்போது ஒரு முனையை அவளே பிடித்தாள்.

"அந்த மாசம் நான் எப்படி இருக்கேன்னு நீங்க ஒருத்தர்தான் கேட்டீங்க தம்பி."

"நான் எதுவும் கேக்கலையேக்கா."

"சரி, வண்டியை மெதுவா ஓட்டச் சொல்லுங்க" என்றாள்.