மூன்று மணிக்கு நிற்கும் என்றது

எங்கள் வீட்டில் முதன்முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். அதனால் வானிலை பார்த்துச் சொல்வதும் என் வேலையாகிவிட்டது. ஆம்பூர் தோல் கம்பெனிக்குக் கிளம்பும்போதெல்லாம் அப்பா வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "இன்னாடா, இன்னிக்கு மழ வருமா?" என்று கேட்பார். ஃபோனைப் பார்த்து இல்லை என்பேன். ரெயின்கோட்டை விட்டுவிட்டுப் போவார். பல நாள் நனைந்து திரும்பி, "உன் ஃபோனு நல்லா பொய் சொல்துடா" என்று சிரிப்பார்.

போன ஐப்பசியில் அப்பா இறந்துவிட்டார். எடுக்கவேண்டிய நேரத்தில் மழை கொட்டியது. பந்தலில் இருந்தவர்கள் என்னைத்தான் பார்த்தார்கள்.

"மாப்ள, எப்ப நிக்கும்னு பாரு" என்றார் மாமா.

மூன்று மணிக்கு நின்றுவிடும் என்று ஃபோனில் இருந்தது. காத்திருந்தோம். மூன்று மணிக்கு மழை இன்னும் வலுத்தது. பாலாற்றங்கரை இடுகாட்டிலிருந்து சித்தப்பா கூப்பிட்டார்.

"குழில தண்ணி ஏறிட்டே இருக்குடா. மொண்டு ஊத்தி ஊத்திப் பாத்துட்டோம், முடில. கொண்டாந்துடுங்க."

தூக்கினோம். குடை பிடித்தும் பயனில்லை. தெருமுனைவரை கூடவே வந்த அம்மா, அப்பாவின் முகத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"அவருக்கு நனைஞ்சா ஒத்துக்காதுடா."



மண்ணைத் தள்ளி முடித்தபோது மழை நின்றிருந்தது.

மறுநாள் காலை, பழக்கத்தில் ஃபோனைப் பார்த்துவிட்டு, "இன்னிக்கு மழ இல்லப்பா" என்று வாசல் பக்கம் சொல்லிவிட்டேன். அம்மா தலைநிமிர்ந்து பார்த்தாள்.

அன்று ஃபோன் சொன்னது சரியாகவே இருந்தது. நாள் முழுக்க நல்ல வெயில்.